பூசணிக்காய்கள் இறங்கி வந்த பாதை

மலையடிவாரத்து ஆனைப்பாறைக்குப் போய், உங்க ஊரில் ரோட்டில் போட்ட குப்பையெல்லாம் எழுந்து போட்டவங்க பின்னாலேயே நடந்து வந்ததாமே, நிஜந்தானா என்று யாரைக் கேட்டாலும், ஆமா வந்துது, அதுக்கென்ன இப்ப என்பார்கள். சொல்லிவிட்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, அதை விடுங்க, எங்க ஊர்ப் பிள்ள வெயிலு சைக்கிள் பந்தயத்துல வந்த கதையச் சொல்லுதேன் உக்காருங்க என்று ஆரம்பித்துவிடுவார்கள். அந்தக் கதைதான் இது. ஆனால் வெயிலு வந்ததைக் கண்ணால் பார்க்காத ஒருத்தியின் பக்கத்தில் நின்று சொன்னால்தான் இது முழுசாகும்.

அவள் பேர் பரிபூரணம். வெயிலுவின் அண்ணன் கோமதிநாயகத்தின் பொண்டாட்டி, அதனால் வெயிலுவுக்கு மதினி. பள்ளிக்கூடத்தில் கொடுத்த விலையில்லா சைக்கிளை வெயிலுகந்தாள் என்கிற அந்தப் பிள்ளை முதன்முதலாக ஏறி மிதித்தபோது, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கேரியரைப் பிடித்தபடி பின்னாலேயே ஓடினது பரிபூரணம்தான். ஒரு இறக்கத்தில் மூச்சு வாங்கிப் பிடியை விட்டாள், அன்றைக்குப் போனவள்தான் வெயிலு, மலையேறி, ஜில்லா தாண்டி, பட்டணம் தாண்டி, கடல் தாண்டி, பனி கொட்டுகிற தேசத்து ரோட்டிலெல்லாம் மிதித்து, வெளிநாட்டு அணி ஒன்றில் சம்பளத்துக்குச் சைக்கிள் ஓட்டுகிறவளாக ஆகிவிட்டாள்.

ஆனால் முதலாவதாக வந்ததில்லை. வருவது அவள் வேலையும் இல்லை. அவள் அணிக்கு ஒரு தலைவி உண்டு, ஜெயிக்க வேண்டியது அந்தத் தலைவி. வெயிலு பின்னால் வருகிற அணிக் காருக்கும் முன்னால் போகிற சைக்கிள் கூட்டத்துக்கும் இடையில் போய்ப் போய் வந்து, தண்ணீர் பாட்டிலை முதுகுப்பையில் செருகிக்கொண்டு வந்து, அவளுக்கும் மற்றவர்களுக்கும் கொடுத்து, காலியானதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறவள். பரிபூரணம் செல்போனில் பந்தயம் பார்க்கும்போதெல்லாம் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு வெயிலு யாருக்கோ தண்ணீர் நீட்டிக்கொண்டிருப்பாள். "வீட்லயும் இவ செம்புத் தண்ணி எடுத்துக் குடுத்ததில்ல, அங்க போய் என்ன உபசாரம் பாரு" என்று பரிபூரணம் சிரிப்பாள், சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

அந்தப் பந்தயம் அந்த வருஷம் நம் மலைக்கே வந்தது. பல தேசத்துப் பெண்கள், பல நாள் பந்தயம். கடைசி நாள் அந்தப் பக்கம் ஏறி, கணவாயைத் தாண்டி, இந்தப் பக்கம் இறங்கி, ஆனைப்பாறைப் பள்ளிக்கூட மைதானத்து வாசலில் முடியும் என்றார்கள். வெயிலு போன் போட்டாள்.

"மதினி, கடைசி நாள் மட்டும் என் இஷ்டத்துக்கு ஓட்டச் சொல்லிட்டாங்க. எங்க தலைவியே சொல்லிட்டா, உங்க ஊரு, நீ போன்னு."

"போயேன்டி. அதுக்கேன் குரலு இப்படி இறங்குது?"

"வருசக் கடைசியில என்னை அணியிலருந்து எடுத்துவிடப் போறாங்க மதினி. இந்த ஒரு நாள்ல மொதல்ல வந்து காட்டினாத்தான் வச்சுக்கிடுவாங்க. இல்லன்னா பொட்டியக் கட்டிட்டு வரவேண்டியதுதான்."

பரிபூரணம் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "நீ வருவ. நான் பிள்ளையார் வளைவுல நிப்பேன். செல்போன்ல இல்ல, என் கண்ணால, நீ முன்னால போறதை ஒருக்கப் பாத்துருதேன். அது போதும் எனக்கு" என்றாள்.

பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்னால் உறுதிமொழிக் கூட்டம் நடந்தது. மலையைச் சுத்தமாக வைப்போம், ஓடையைக் காப்போம், வந்தவர்களுக்கு வழிவிடுவோம் என்று பெரிய பேனர் கட்டி, ஊர் மொத்தமும் வலது கையை நீட்டி, அதிகாரி சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னது. இடது கையில் டீ. உறுதிமொழி முடிந்ததும் ஊர் மொத்தமும் மீதி டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, பேப்பர் கப்பை அங்கேயே போட்டுவிட்டு வீட்டைப் பார்க்க நடந்தது. கப்புகள் எழுந்தன. கொஞ்சம் தள்ளாடி, நேராக நின்று, ஆளாளுக்கு அவரவர் கப்பு என்று அடையாளம் வைத்த மாதிரி, குட்டையான ஊர்வலமாகப் பின்னாலேயே நடந்து வந்து வாசல்படியில் உட்கார்ந்துகொண்டன. அதிகாரியின் கப்பு அவர் ஜீப்பில் தொற்றி ஏறிக்கொண்டது.

முதல் நாள் நாய்கள்தான் குரைத்தன. மறுநாள் அவையும் விட்டுவிட்டன.

அதற்குப் பிறகு ஆனைப்பாறையில் நடந்ததையெல்லாம் சொல்ல ஒரு வாய் போதாது. சுற்றுலா வந்தவர்கள் அருவிக்கரையில் விட்டுப்போன பாட்டில்களும் பிரியாணிப் பொட்டலங்களும் பஸ் நிறுத்தத்தில் வந்து மதுரை பஸ்ஸுக்கு வரிசையில் நிற்க, கண்டக்டர் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்து பார்த்துவிட்டு, லக்கேஜ் கணக்கில் ஏற்றிக்கொண்டு, "படியில நிக்காத, உள்ள போ, உள்ள போ" என்று விசில் ஊதினார். மேலத் தெருவில் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை, சுருட்டு பீடி பாக்கு எதுவும் கிடையாது என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே பாக்குப் பொட்டலங்கள் சரம் சரமாக நடைவாசல் ஏறிவர, பெண்ணைப் பெற்றவர் காபித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். பிறகு பழசெல்லாம் வரத் தொடங்கியது. பிள்ளை மூன்று பெற்றுவிட்ட தம்பதி வீட்டுக்கு, ஓடையில் வீசிய அவர்கள் கல்யாணத்துத் தெர்மாக்கோல் அன்னப்பறவைகள் இரண்டும், கழுத்தில் மண்ணோடு, ஜோடியாக வந்து நின்றன. வீட்டுக்காரி பார்த்துவிட்டு, "அன்னைக்கே நல்லாத்தான் இருந்துது இல்ல?" என்று புருஷனைக் கேட்டாள்.

ஊர் சீக்கிரமே இதன் பழக்கவழக்கத்தைப் படித்துக்கொண்டது. போட்டவன் தன் கையால் எடுத்துத் தொட்டியில் போட்டால் அது சமத்தாகக் கிடக்கும். மட்குகிற சாமான் என்றால், மைதானத்து மூலையில் பஞ்சாயத்து வெட்டியிருந்த உரக்குழி வரைக்கும் கூட்டிக்கொண்டு போனால் தானே இறங்கிக்கொள்ளும். அடுத்தவன் கூட்டித் தள்ளினால் மட்டும் சுற்றிக்கொண்டு போட்டவன் காலடிக்கே வந்துவிடும். இன்னொன்று, அது பின்னால் வரும்போது போட்டவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் வெட்கப்பட்ட பிள்ளை மாதிரி நின்ற இடத்திலேயே நின்றுவிடும், அப்புறம் நகர்த்துவது கஷ்டம்.

பந்தயக்காரப் பெண்களும் மலைக்கு வந்த நாளிலிருந்து பழகிக்கொண்டார்கள். வாயில் பிதுக்கிக் குடித்த சத்துமாவுக் கூழின் பொட்டலத்தை வழக்கம்போல ரோட்டோரம் வீசினவளுக்கு, அது அட்டை மாதிரி காலுறையில் வந்து ஒட்டிக்கொண்டது. பாட்டிலை வீசினவளுக்கு அது பின்சக்கரத்தைத் துரத்திக் கம்பியைத் தட்டிக்கொண்டே வந்தது. குப்பை போட்டால் அபராதம் போட வந்த நடுவர்கள் வேலையில்லாமல் நாற்காலி போட்டு உட்கார்ந்து மாம்பழம் தின்றார்கள். வழியில் அங்கங்கே வலைத்தொட்டி கட்டியிருந்தது, எல்லாரும் அதில்தான் போட்டார்கள்.

இவ்வளவும் தெரிந்த ஊர்தான். தெரிந்தும் ஒரு தப்பைச் செய்தது. அந்தத் தப்பை ஆனைப்பாறைக்காரர்களால்தான் செய்யமுடியும்.

கடைசி நாள் பந்தயத்துக்கு முந்தின நாள் மைதீன் பாய் டீக்கடையில் பேச்சு வந்தது. கோமதிநாயகம் ஆரம்பித்தான்.

"பாய், நாளைக்கு வெயிலு மேல எத்தனை தேசத்துக் கண்ணு விழும்? ஒரு பூசணிக்காய் சுத்தி ஒடைக்காம விட்டா நல்லாருக்குமா?"

"ரோட்டுலயாடே?"

"பின்ன, வீட்டுக்குள்ளயா? பிள்ளையார் வளைவுலதான். நம்ம லாரி, நம்ம கல்யாணக் கார் எல்லாத்துக்கும் அங்கதான ஒடைக்கோம்."

"ஒடச்சா பின்னாலயே வராதா?"

"திருஷ்டிக் காய் குப்பையா பாய்? அது சாமி காரியம். அதுக்கு இது செல்லாது."

பாய் டீயை ஆற்றிக்கொண்டே, "உங்க சாமிக்கிட்ட கேட்டீங்களா, குப்பைக்கிட்ட கேட்டீங்களா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு ஒருத்தருக்கொருத்தர் தெரியாமல் சந்தைக்குப் போய் ஆளுக்கொரு பூசணிக்காய் வாங்கிவந்தார்கள்.

மறுநாள் பிள்ளையார் வளைவில் எள் போட இடமில்லை. கணவாயிலிருந்து நேராக விழுகிற இறக்கம் அந்த இடத்தில்தான் சட்டென்று மடியும். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், மடிப்பில் கைக்குழந்தை அளவுக்கு ஒரு பிள்ளையார். பரிபூரணம் அரக்குச் சேலை கட்டி, தலை நிறையப் பிச்சிப்பூ வைத்து, தன் பூசணிக்காயை இடுப்பில் பிள்ளை மாதிரி சுமந்துகொண்டு வந்தாள். வந்து பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரி இடுப்பிலும் ஒன்று. அந்தப் பக்கத்து வீட்டுக்காரியின் நாத்தனார் கையில் ஒன்று. எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்து, "நீயுமாக்கா?" என்று கேட்டு, வெட்கம் போய்விட, மலை உச்சியைப் பார்த்துச் சுற்றினார்கள், குங்குமமும் சுண்ணாம்பும் அடைத்த காய்கள் ஒவ்வொன்றாக, "ஊர்க்கண்ணு, உறவுக்கண்ணு, கண்டகண்ணு, காணாத கண்ணு எல்லாம் போ" என்று தார் ரோட்டில் விழுந்து, டமார் டமார் என்று சிதறி, வளைவு முழுக்கச் சிவப்புச் சதையும் விதையுமாகிவிட்டது.

வழக்கம் என்னவென்றால் உடைத்தவர்கள் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போய்விட வேண்டும். யார் போவார்கள் அன்றைக்கு? வெயிலு வரப்போகிறாள். எல்லாரும் அங்கேயே நின்றார்கள். அவர்கள் நின்றதால் பூசணிக்காய்களும் அவர்கள் காலைச் சுற்றியே, ரோட்டில், பரவி உட்கார்ந்துகொண்டன. சாமி காரியத்துக்கும் அது செல்லத்தான் செய்தது.

பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரர் விளக்குமாறு வாங்கிக் கூட்டிப் பள்ளத்தில் தள்ளினார். தள்ளத் தள்ள அவை ஏறி வந்து அவரவர் காலடியில் உட்கார்ந்தன. "யாரும்மா ஒடச்சது, எடுங்கம்மா" என்று கத்தினார். ஆளுக்கொரு கை குனிந்து அள்ளினார்கள், ஆனால் சதை வழுக்கியது, விதை விரலிடுக்கில் ஓடியது, ரோடு பூராவும் குழகுழவென்று இன்னும் மோசமானது.

அந்த நேரம் பார்த்து பந்தயத்துக்கு முன்னால் வழி பார்த்து வருகிற மோட்டார் சைக்கிள் ஒன்று விசில் ஊதிக்கொண்டு இறங்கி வந்தது. வந்தது வளைவில் சதையில் ஏறி, ஒரு முழு வட்டம் சுற்றி, சாய்ந்து, பிள்ளையார் முன்னால் போய் விழுந்து நின்றது. ஓட்டி வந்த பையன் முழங்கை சிராய்ப்போடு எழுந்தான்.

"என்னம்மா பண்ணி வச்சிருக்கீங்க! நான் மெதுவா வந்தேன், பொழச்சேன். அவங்க வர்ற வேகத்துக்கு இங்க விழுந்தா பள்ளத்துலதான் பொறுக்கணும். அஞ்சு நிமிஷத்துல வந்துருவாங்க!"

"யாருப்பா முன்னால வாரது?" என்றாள் பரிபூரணம். அந்த நேரத்திலும் அதுதான் வாயில் வந்தது.

"ரெண்டு பேரு. உசரமா ஒரு வெளிநாட்டுக்காரி. இன்னொண்ணு உங்க ஊர்ப் பொண்ணு. கூறுகெட்ட பொண்ணு, கூட்டத்துல காலிப் பாட்டில் வாங்கிக்கிட்டு இருக்கும்போதே அந்த வெள்ளைக்காரி பிச்சுக்கிட்டுப் போக, இவளும் அப்படியே பின்னாலயே கிளம்பிட்டா. தொட்டியெல்லாம் தாண்டியாச்சு, வீசவும் முடியாது. முதுகு நிறையக் காலிப் பாட்டில் லொடலொடன்னு ஆட வந்துக்கிட்டு இருக்கா!"

வளைவு மொத்தமும் ஹோவென்று கூவியது. சீழ்க்கை பறந்தது. வெயிலு முன்னால வாரா! கோமதிநாயகம் துண்டைச் சுழற்றினான். பரிபூரணத்தின் கண் மட்டும் தன் காலடிக்குப் போயிற்று. தன் பூசணிக்காயின் துண்டுகள் அவள் கால்விரலை ஒட்டி, அவளையே பார்க்கிற மாதிரி, சிவப்பாக, ஈரமாக உட்கார்ந்திருந்தன. நாம் நிற்கிற வரைக்கும் இது இங்கே நிற்கும். அவ்வளவுதானே. இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது?

"ஏ, எல்லாரும் நடங்க!" என்றாள். யாருக்கும் கேட்கவில்லை. அடிவயிற்றிலிருந்து கத்தினாள். "ஒடச்சவ எல்லாம் ஓடுங்கடி! குறுக்குப் பாதையில எறங்குங்க! உரக்குழிக்கு!"

"ஏளா, கோட்டி புடிச்சிருச்சா உனக்கு?" கோமதிநாயகம் அவள் கையைப் பிடித்தான். "அவ வாரா! இதப் பாக்கத்தான இத்தன வருசம் கெடந்த?"

"பாக்கலாம். நீரு ஒடச்ச காயில அவ சறுக்கிப் பள்ளத்துல போறதையும் சேத்துப் பாக்கலாம். கைய விடும்!"

"ஒரே ஒரு நிமிஷம் மதினி, மூஞ்சியப் பாத்துட்டு..." என்றாள் பக்கத்து வீட்டுக்காரி, அழுகிற குரலில்.

"ஒரு நிமிஷம் கெடையாது. திரும்பியும் பாக்கக் கூடாது. பாத்தா நின்னுரும். முன்னால பாத்து ஓடு!"

சொல்லிவிட்டுச் சேலையை இழுத்துச் செருகினாள், சைக்கிள் கேரியரைப் பிடித்து ஓடின அன்றைக்குச் செருகின மாதிரியே. ஓடினாள். ரோடு கீழே இருக்கிற அணையைப் பல மைல் சுற்றிக்கொண்டு வளைந்து வளைந்து இறங்கும். குறுக்குப் பாதை ரோட்டைத் தொடாமல் ஓடைக்கரையோரமாகவே நேராக ஊருக்கு விழும். அந்தச் சரிவில் பரிபூரணம் முன்னால் ஓட, அவள் பின்னால் பக்கத்து வீட்டுக்காரி, பின்னால் அவளுடைய நாத்தனாரும் ஓரகத்தியும், பின்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கோமதிநாயகம், பின்னால் உடைத்த அத்தனை பேரும், உடைக்காமல் சும்மா நின்றவர்களும் வேகத்தில் சேர்ந்து ஓட, அத்தனை பேருக்கும் பின்னால் பூசணிக்காய்த் துண்டுகள், பெரிய பத்தைகள் கன்றுக்குட்டி மாதிரி குதித்து, சின்னத் துண்டுகள் உருண்டு, விதைகள் எறும்புச் சாரை மாதிரி நெளிந்து, குங்குமத் தண்ணீர்கூட ஒரு சின்ன ஓடையாக வழி கேட்டு வழி கேட்டு இறங்கி வந்தது. காற்றில் பச்சைப் பூசணி வாசமும் பிச்சிப்பூ வாசமும் வியர்வையும் கலந்து அடித்தது. செருப்பு பிய்ந்து போயிற்று ஒருத்திக்கு; அதை விட்டுவிட்டு ஓடினாள்; அது எப்படியும் பின்னால் வந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

மேலே போலீஸ்காரர் கத்துவது கேட்டது. "ரோடு தெளியுது! போங்க, போங்க, நிக்காதீங்க!"

அதற்கப்புறம் மேலே விர்ரென்று ஒரு சத்தம். இரண்டு சக்கரங்கள், இல்லை, நாலு சக்கரங்கள் ஈரமில்லாத ரோட்டில் வளைந்து போகிற சத்தம். பரிபூரணத்தின் கழுத்து நரம்பெல்லாம் இழுத்தது. கழுத்து திரும்பு திரும்பு என்றது. இன்னும் கூட்டம் கூட்டமாக எத்தனையோ பிள்ளைகள் பின்னால் இறங்கி வரப்போகிறார்கள். எந்த மகராசியோ பெற்ற பிள்ளைகள். ஒரு விதை மேலே நின்றாலும் சறுக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினாள். "யாரும் திரும்பலையே?" என்று கத்தினாள். "இல்ல, இல்ல" என்று பின்னாலிருந்து குரல்கள் வந்தன, மூச்சு வாங்க, சிலது அழுதுகொண்டே, சிலது சிரித்துக்கொண்டே.

பள்ளிக்கூட மைதானத்து மூலையில் போய் உரக்குழி விளிம்பில் நின்றார்கள். முன்னால் குழி. முதுகுக்குப் பின்னால், கூப்பிடு தூரத்தில், பந்தயம் முடிகிற வெள்ளைக் கோடு, மைக், கொடி, ஜனக்கடல். பூசணித் துண்டுகள் வரத் தொடங்கின. அவரவர் கால் பக்கமாக ஒதுங்கி, மரியாதையாக, ஒன்று ஒன்றாகக் குழிக்குள் இறங்கின. ஊரே ஓட்டக் களைப்பில் வரிசையாக நின்று குழியைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசித் துண்டு வரும்வரைக்கும் திரும்ப முடியாது.

பின்னால் ஜனங்களின் சத்தம் எழும்பியது. அலை மாதிரி, தெருக்கோடியிலிருந்து ஏறி ஏறி வந்தது. மைக்காரன் என்னென்னமோ கத்தினான், ஒரு எழுத்தும் விளங்கவில்லை. கோமதிநாயகம் பொண்டாட்டி தோளில் நகம் பதிகிற மாதிரி பிடித்துக்கொண்டான்.

"யாரு ஏளா? யாரு முன்னால?"

"பேசாதயும்" என்றாள் பரிபூரணம். கண்ணை மூடிக்கொண்டாள். காதை மட்டும் திறந்து வைத்தாள்.

அந்த இரைச்சலுக்குள்ளே, ஜனக்கூச்சலுக்கும் கொட்டுக்கும் அடியில், ஒரு அற்பச் சத்தம். காலிப் பாட்டிலோடு காலிப் பாட்டில் மோதுகிற சத்தம். லொடலொடலொடலொட. அது தெருக்கோடியில் தொடங்கி, பெரிதாகி, முதுகுக்கு நேராக வந்து, கோட்டைத் தாண்டிப் போய்விட்டது. அதற்குப் பிறகுதான், ஒரு மூச்சு விடுகிற நேரம் கழித்துத்தான், வெறும் சக்கரத்தின் விர்ர்.

பரிபூரணம் குழியைப் பார்த்தபடியே இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினாள். "வந்துட்டா!" என்றாள். "நம்ம லொடலொடதான் மொதல்ல! வந்துட்டாடி!" வரிசையில் நின்றவர்களெல்லாம் திரும்பாமலேயே ஒருத்தரை ஒருத்தர் பக்கவாட்டில் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தார்கள், குழிக்குள் இறங்கிக்கொண்டிருந்த பூசணித் துண்டுகள் அவர்கள் கால் பட்டுவிடாமல் ஒதுங்கி ஒதுங்கிப் போயின.

கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் திரும்ப வந்தது. இப்போது மெதுவாக, நடந்து. லொட. லொட. பக்கத்தில் வந்து நின்றது. வியர்வையும் தார் வாசமும் அடித்தது.

"மதினி, ஒங்களை வளைவுல தேடினேன். ஒருத்தரையும் காணலியே. போலீஸ்காரரு மட்டும் வெளக்குமாத்தோட நின்னு சல்யூட் அடிக்காரு."

"மூஞ்சியக் காட்டுடி" என்றாள் பரிபூரணம். "ஒரு தடவ பாத்துக்கிடுதேன்." கழுத்து அவளை அறியாமல் திரும்பத் தொடங்கியது.

வெயிலு சட்டென்று தன் ஈரக் கையை மதினியின் கன்னத்தில் வைத்துத் தடுத்தாள். அவள் குறுக்குப் பாதை பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்; போட்டவள் அவள் இல்லையே, அவள் பார்க்கலாம்.

"பொறுங்க மதினி. இன்னும் ஒரு விதை வருது."

"எங்க வருது?"

"ஓடைக்கிட்ட. சின்னது. மெதுவாத்தான் வருது."

மைக்கில் வெயிலுகந்தாள், வெயிலுகந்தாள் என்று தப்புத் தப்பாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், மேடையில் மாலையோடு யார் யாரோ காத்திருந்தார்கள். வெயிலு போகவில்லை. முதுகுப்பையிலிருந்து காலிப் பாட்டில்களை ஒவ்வொன்றாக உருவிப் பக்கத்துத் தொட்டியில் போட்டுவிட்டு, மதினியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு பேரும், ஊர் மொத்தமும், அந்த ஒரு விதை வந்து சேரட்டும் என்று காத்திருந்தார்கள்.